சோ.வெ. பழையது

எங்கள் அருங்காட்சியகத்தில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்று கூடி, ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றின் கன்னத்தில் என் அண்ணி பழைய வெந்நீரை ஊற்றிப் பாழாக்கிவிட்டார் என்று கண்டுபிடித்தது. காசுக்கு வயது இரண்டாயிரத்துச் சொச்சம். குழுவினர் மூவரின் வயதையும் கூட்டினால் இருநூறு வரும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அண்ணியின் பதினோரு வருட வேலை மாட்டிக்கொண்டது.

அந்தக் குழுவுக்குக் குறிப்பு எழுதியவன் நான். குற்றம் சாட்டப்பட்டவரின் கொழுந்தனே குறிப்பு எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவனுக்குக் கை இருப்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். காது இருப்பதோ, ஓர் அண்ணன் இருப்பதோ, அந்த அண்ணனுக்கு மனைவி இருப்பதோ தெரியாது.

அண்ணிக்கு வேலை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். பழங்காசுகளைப் பார்ப்பது, மண்ணை எடுப்பது, ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை எழுதுவது. கழுத்தில் எப்போதும் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "நான் நகை கேட்டேன், உங்கண்ணன் இதை மாட்டிவிட்டாரு" என்பார் அண்ணி. முள்ளைப் போல் சீவிய மரக்குச்சியும் மெல்லிய தூரிகையும்தான் அவருடைய ஆயுதங்கள். ஒரு காசுக்கு மூன்று நாள் கூட ஆகும். மண்ணை எடுக்கலாம், கறுப்பை எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். வெள்ளியின் மேல் படிந்த கறுப்பு அதன் வயது. அதைத் தேய்த்து எடுப்பவன் தாத்தாவுக்குத் தலைச்சாயம் பூசிப் பெண் பார்க்கக் கூட்டிப் போகிறவன்.

வேலை நிரந்தரம் இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம். ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி பதினோரு மாதம். இப்படிப் பதினோரு வருடம். இந்த ஒப்பந்தமும் ஒரு வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. அதே வெள்ளிக்கிழமைதான் 'தெய்வக் காசுகள்' கூடத்தின் திறப்பு விழா.

கூடத்துக்குக் காசுகளைக் கொடுத்தவர் தரை ஓடு தொழிற்சாலை முதலாளி. எல்லாருக்கும் டைல்ஸ் ஐயா. சேர்த்து வைத்திருந்த நாற்பத்திரண்டு ரோமானிய வெள்ளிக்காசுகளைக் கொடையாகக் கொடுத்தார். பதிலுக்குக் கூடத்தின் வாசலில் தன் அப்பாவின் பெயரையும், உள்ளே நுழைந்தவுடன் தன் பெயரையும், வெளியே போகும்போது மறந்துவிடக் கூடாது என்று மறுபடியும் தன் பெயரையும் பொறிக்கச் சொன்னார். தரைக்கு மட்டும் ஓடு போட்டுத் தந்தார். அதிலும் மூலைக்கு மூலை அவருடைய நிறுவன முத்திரை.

நாற்பத்திரண்டில் ஜூபிடர் இருந்தார். போர்த் தெய்வம் மார்ஸ் இருந்தார். சிறகு முளைத்த வெற்றித் தேவதை நாலைந்து கோணங்களில் இருந்தாள். இவர்கள் போதாதென்று ரோமானியர்கள் நல்ல குணங்களுக்கெல்லாம் பெண் உருவம் கொடுத்துக் காசில் அடித்திருந்தார்கள். ஒற்றுமை ஒரு தேவி, அடக்கம் ஒரு தேவி, சரியான எடை ஒரு தேவி. அண்ணி இதில் ஒரு விதியே கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்தக் குணம் ஊரில் தீர்ந்துபோகிறதோ அந்தத் தேவி காசில் ஏறிவிடுவாள். அரண்மனையில் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்ளத் தயாராகும்போது ஒற்றுமைத் தேவி வருவாள். காசில் வெள்ளி குறைந்து குறைந்து மேல்பூச்சாக மட்டும் நின்ற காலத்தில் கையில் தராசோடு எடைத் தேவி வருவாள்.

"நம்ம மாடிப்படியில 'வாய்மையே வெல்லும்'னு எழுதி வெச்சிருக்காங்கல்ல தம்பி, அந்த மாதிரி" என்றார் ஒருநாள்.

டைல்ஸ் ஐயாவின் உயிர் இருந்தது இருபத்தேழாம் எண் காசில். அதில் இருப்பவள் ஃபிடெஸ். கொடுத்த வாக்கு, வைத்த நம்பிக்கை, இவற்றுக்கான தேவி. தலையில் இலைமாலை, நேரான மூக்கு, பக்கத்தில் ஐந்தே லத்தீன் எழுத்தில் பெயர். இந்த முகத்தை அவர் தன் கடிதத் தாளில் அச்சடித்திருந்தார், லாரிகளில் வரைந்திருந்தார், ஓடு அடைத்து விற்கும் பெட்டியின் மேல் 'நம்பிக்கையின் முகம்' என்று போட்டிருந்தார். காசுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அந்தப் பக்கத்தில் குதிரை மேல் ஒருவன் போகிறான். அம்மணமான இன்னொருவனைத் தலைமயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறான்.

காசுகள் வந்து சேர்ந்த அன்றே அண்ணி இருபத்தேழாம் காசின் கன்னத்தில் ஒரு வெட்டைப் பார்த்துவிட்டார். அந்தக் காலத்தில் கள்ளக்காசு அடிப்பவர்கள் செம்பு வட்டத்துக்கு வெள்ளித் தகட்டைப் போர்த்தி அதன் மேல் அச்சை இறக்குவார்கள். வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் உளியை வைத்து ஒரு போடு போடுவான். உள்ளேயும் வெள்ளி தெரிந்தால் காசு. சிவப்பாகத் தெரிந்தால் கதை முடிந்தது. இதற்குச் சோதனை வெட்டு என்று பெயர். நம்பிக்கைத் தேவியின் மேல் நம்பிக்கை இல்லாத எவனோ ஒரு வியாபாரி, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், அவள் கன்னத்திலேயே போட்டிருக்கிறான். உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் பச்சைக் களிம்பு ஏறி இறுகியிருந்தது.

அண்ணி அட்டையில் தன் வழக்கப்படி சுருக்கமாக எழுதினார்: 'சோ.வெ. 1, கன்னம். சோ.வெ. பழையது.' மற்ற நாற்பத்தொரு அட்டைகளிலும் 'சோ.வெ. இல்லை' என்று எழுதினார். எல்லாவற்றையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இயக்குநர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போடுவதில்லை. உச்சியில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி, அரசாங்கத்தின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, கையை மட்டும் தாளில் ஓடவிடுவார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பீடிகை. ஒரு வணக்கம் சொல்வதென்றாலும் வணக்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்.

மூன்று மாதம் கழித்து, திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கூடத்தின் நடுச்சுவருக்குப் பத்தடி உயரத்தில் ஒரு பதாகை வந்தது. ஃபிடெஸின் முகம். விரல் நகம் அளவு காசில் இருந்த வெட்டு, பத்தடியில் வாய்க்கால் மாதிரி தெரிந்தது. வாய்க்காலுக்குள் சிவப்பு, ஓரத்தில் பச்சை. டைல்ஸ் ஐயா அதன் முன்னால் நின்றார். அவர் லாரியில் இப்படி இல்லை, அவர் பெட்டியில் இப்படி இல்லை.

"யார் கை வெச்சது?" என்றார்.

காசில் கை வைப்பது அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவருடைய வேலை. இப்படியாகக் குழு அமைந்தது. தலைவர் பீடிகை. நிபுணர், ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர். பத்திரிகையில் 'வீட்டிலேயே வெள்ளி வெளுக்கலாம்' என்ற பகுதியை எழுதிக்கொண்டிருந்தவர். சிறப்பு உறுப்பினர், டைல்ஸ் ஐயா. புகார் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்ல உட்கார்வது முறையா என்று கேட்பீர்கள். நாற்காலி அவர் கொடுத்தது.

திங்கட்கிழமை காலை கூட்டம். பீடிகை விசாரணை என்ற சொல்லின் பெருமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பிறகு பேராசிரியர் அண்ணியின் அட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது.

"இங்க பாருங்க. அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. சோ.வெ. ஒண்ணு, கன்னம்."

"அப்படின்னா?" என்றார் பீடிகை, தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு.

"சோடா வெந்நீர் சார். வெள்ளி வெளுக்கற பழைய முறை. நானே எழுதியிருக்கேன், மூணாவது வாரம். கன்னத்துல ஒரு தடவை ஊத்தியிருக்காங்க. அடுத்த வரி அதைவிட மோசம். சோ.வெ. பழையது. புதுசாக் கூடப் போடல. ஏற்கெனவே வெச்சிருந்த பழைய தண்ணியை ஊத்தியிருக்காங்க."

டைல்ஸ் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "பழைய தண்ணி" என்றார் மெதுவாக, யாரோ தன் மேலேயே ஊற்றியதைப் போல.

அண்ணி எழுந்தார். "சார், அது சோதனை வெட்டு" என்றார். வெட்டு என்றால் என்ன, எதற்காகப் போடுவார்கள், இந்தக் காசில் அது எப்படி இருக்கிறது என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னார். அந்த அறையில் அன்று பேசப்பட்டதிலேயே குறைந்த நேரத்தில் அதிக விஷயம் சொன்ன பேச்சு அதுதான். ஆகவே யார் மனதிலும் ஏறவில்லை.

"முதல்ல எழுதினது வாக்குமூலம். பிறகு சொல்றது சமாளிப்பு" என்றார் பேராசிரியர்.

"காசு வந்த அன்னிக்குத் தேதி போட்டிருக்கு சார் அட்டையில. அன்னிக்கே வெட்டு இருந்துச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி."

"வந்த அன்னிக்கே ஊத்தியிருக்கீங்க. அதுதானே எங்க வருத்தம்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "சார், நான்தான் அட்டை எல்லாத்தையும் டைப் பண்ணேன். அது சோதனை வெட்டுதான். இத்தனை வருஷமா அப்படித்தான்..."

"குறிப்பு எழுதறவர் குறிப்பு மட்டும் எழுதணும்" என்றார் பீடிகை. நான் எழுதினேன். எனக்கே எரிச்சல் வரும் அளவுக்கு அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பேராசிரியர் மற்ற அட்டைகளைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் 'சோ.வெ. இல்லை'. அவருக்கு இது கொஞ்சம் இடித்தது. பீடிகை கைகொடுத்தார். "சோடா வெந்நீர் இல்லை. அதாவது கைவசம் இல்லை. நாற்பத்தோரு தடவை இல்லைன்னு எழுதியிருக்காங்க, ஒரு தடவை கூட வாய்விட்டுக் கேக்கலை. அம்மா, இல்லைன்னா பண்டக சாலைல சொல்ல வேண்டாமா? குறை நம்ம நிர்வாகத்து மேலயும் இருக்கு. அதை நான் ஒத்துக்கறேன்." தன் பெருந்தன்மையில் தானே நெகிழ்ந்து, பண்டக சாலைக்கு ஒரு குறிப்பு அனுப்பும்படி என்னிடம் சொன்னார். அனுப்பினேன்.

அண்ணி கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றினார். காசை வெல்வெட் துணியோடு மேசையின் நடுவில் வைத்தார்.

"வாயால பேச வேண்டாம். யாராவது ஒருத்தர் பாருங்க. வெட்டுக்கு உள்ள பச்சைக் களிம்பு கெட்டியா நிக்குது. நேத்து வெட்டினதுல களிம்பு எப்படி வரும்? நேத்துப் பிறந்த பிள்ளைக்குத் தாடி முளைக்குமா?"

பேராசிரியர் லென்ஸை வாங்கிக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். "தெரியுது, தெரியுது" என்றார். அந்தத் தூரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கக் கூடியது மேசை ஒன்றுதான். பீடிகை, தலைவர் என்பவர் எதையும் நேரடியாகப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நடுநிலை கெடும் என்றார்.

டைல்ஸ் ஐயாதான் நாற்காலியை இழுத்துக்கொண்டு குனிந்தார். அவர் முதலாளி ஆவதற்கு முன் பன்னிரண்டு வருடம் சூளைக்கு முன்னால் நின்றவர். லென்ஸை அவர் பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது; கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காசை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய கட்டை விரல், ஓட்டின் விளிம்பைத் தடவுவதைப் போலக் காசின் விளிம்பைத் தடவியது.

"உள்ள வேற" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "செம்மண்ணு ஓட்டுக்கு மேல வெள்ளை மெருகு போட்டு, மூலை உடைஞ்சா இப்படித்தான்..." அதோடு நிறுத்திக்கொண்டார். வெட்டு பழையது என்றால் காசு கள்ளக்காசு. காசு நல்லது என்றால் குற்றம் இந்தப் பெண்ணுடையது. இரண்டில் எது தனக்கு வசதி என்று கணக்குப் போட அவருக்கு அரை நிமிடம் ஆனது.

"உங்க காசுகளைப் பத்தி நீங்க போட்ட புத்தகத்துல இருக்கற போட்டோல கன்னம் வழவழன்னு இருக்கே" என்று பேராசிரியர் நினைவூட்டினார்.

"அது... ஸ்டுடியோக்காரன்கிட்ட முகத்தைக் கொஞ்சம் பளிச்சுன்னு வைக்கச் சொன்னேன்" என்றார் டைல்ஸ் ஐயா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. உடனே நிமிர்ந்தார். குரல் பெருத்தது. "போகட்டும். நடந்தது நடந்து போச்சு. ஏழைப் பொண்ணு. நான் மன்னிச்சுட்டேன்."

பீடிகை கைதட்டினார். பேராசிரியரும் தட்டினார். மன்னிக்கப்பட்டவர் மட்டும் தட்டவில்லை.

"எதுக்கு மன்னிக்கறீங்க?" என்றார் அண்ணி.

"அதான் மன்னிச்சுட்டாரேம்மா" என்றார் பீடிகை.

"எதுக்குன்னு கேக்கறேன். நீங்க மன்னிச்சு நான் வாங்கிக்கிட்டா, நான் செஞ்சதா ஆயிடும். நான் செய்யல. ஐயா பாத்துட்டு உள்ள வேறன்னு சொன்னாரு. தம்பி, அதை எழுதினியா?"

"எழுதிட்டேன் அண்ணி."

அந்த அறையில் அண்ணி என்ற சொல் அன்றுதான் முதல் தடவையாக விழுந்தது. மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின.

புதன்கிழமை பீடிகை முடிவுரையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதன் சாரம்: சோ.வெ. தொடர்பான ஐயப்பாடு விவாதிக்கப்பட்டது. கொடையாளர் பெருந்தன்மையுடன் மன்னித்தார். அலுவலர் வருத்தம் தெரிவித்தார். நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். ஆட்சிக் குழுவுக்கு வெள்ளிக்கிழமை காலைக்குள் இந்தத் தாள் போகாவிட்டால் கூடத்தைத் திறக்க முடியாது. அண்ணியிடம் அதை அவரே நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க ஒப்பந்தமும் வெள்ளிக்கிழமைதான் முடியுது. ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கு."

அண்ணி படித்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு தாளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிக்கிறவர் அவர் ஒருவர்தான். "சோ.வெ.ன்னா என்னன்னு முழுசா எழுதுங்க. வருத்தம்ங்கற வார்த்தையை எடுங்க. மன்னிப்புங்கற வார்த்தையை எடுங்க. அப்புறம் போடறேன்."

"அதை எல்லாம் எடுத்தா தாள்ல என்னம்மா மிச்சம் இருக்கும்?"

"உண்மை இருக்கும் சார். கொஞ்சம் இடம் காலியா இருக்கும்."

அன்று மாலை வீட்டில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே. அவனுங்க மன்னிச்சா மன்னிச்சுட்டுப் போறானுங்க. உன் உடம்புல இருந்து என்ன குறையப் போகுது?"

"உங்க கடையில ஒருத்தருக்குக் கண்ணே தெரியல. தப்பு அவர் கண்ணுல இல்ல, நீங்க குடுத்த கண்ணாடியிலதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, கடைசில உங்களை மன்னிச்சுட்டேன்னு சொன்னா?"

"செவுள்ல ரெண்டு விடுவேன்."

"நான் அது கூட விடல. ஒரு வார்த்தைதான் கேக்கறேன்."

அண்ணன் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "பதினோரு வருஷத்துல எத்தனை காசு தம்பி என் கையில வந்திருக்கும்? ஒண்ணுல ஒரு கீறல் போட்டதில்ல. நாளைக்கு வேற இடத்துல வேலை கேட்டுப் போனா, 'அந்த சோடா வெந்நீர் அம்மாவா'ம்பாங்க. இந்த வேலை போனாப் போகட்டும். அந்தப் பேரோட போக மாட்டேன்."

சிரிக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டார். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் ஒரு வேலை பண்றேன் அண்ணி. நீங்க சொன்ன மாதிரி ஒரு தாளை டைப் பண்ணி, அவரோட ஃபைல்கள் நடுவுல சொருகி..."

"வேண்டாம். வெள்ளிக்கு நடுவுல செம்பு வெக்கற வேலை எல்லாம் நமக்கு எதுக்கு? நான் சொல்றதை டைப் பண்ணிக் குடு. நானே நேராக் கொண்டு போறேன்."

வியாழக்கிழமை காலை அண்ணி அந்தத் தாளோடு இயக்குநர் அறைக்குள் போனார். நான் வாசல் மேசையில் இருந்தேன். கதவு திறந்தே இருந்தது. தாளில் ஐந்து வரிதான். 'இருபத்தேழாம் காசின் முகப்பில் உள்ளது பழங்காலத்துச் சோதனை வெட்டு. காசு இங்கே வருவதற்கு முன்பே உள்ளது. வந்த அன்றே அலுவலர் பதிவு செய்திருக்கிறார். காசு செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியது. அலுவலர் மீது தவறு இல்லை.' கீழே அண்ணியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் பீடிகையின் முகம் மலர்ந்தது. "புத்தி வந்துடுச்சு. பாத்தீங்களா, இதைத்தான் நான் முதல் நாளே..."

"படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றார் அண்ணி.

"வந்துடுச்சுன்னு தெரியுதே."

"அஞ்சே வரிதான். படிச்சுட்டுப் போடுங்க."

"படிக்கறதுக்குத்தான் கீழே ஆள் வெச்சிருக்கு" என்று சொல்லி, பீடிகை மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். கை ஓடியது.

பேராசிரியர் தாளில் தேடியது இயக்குநரின் கையெழுத்தை. இருந்தது. அதற்குக் கீழே, அதைவிடச் சிறிதாக, மரியாதையாகத் தன்னுடையதைப் போட்டார்.

மிச்சம் டைல்ஸ் ஐயா. அவர் கூடத்தின் நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தாளை நீட்டினார். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தொழிற்சாலைக்காரர், படிக்காமல் போடமாட்டார். ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார்.

"போலின்னு எங்கயும் போடலையே" என்றார்.

"போடல. செம்பு மேல வெள்ளித் தகடுன்னு போட்டிருக்கு. நீங்க சொன்னதுதான். உள்ள வேற."

அவர் பத்தடி முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கன்னத்து வாய்க்காலைப் பார்த்தார். "முப்பது வருஷம் இதைக் காட்டித்தான் ஓடு வித்தேன்" என்றார்.

மறுபடி தாளுக்குக் குனிந்தார்.

"செம்புங்கறது முதல்ல வருதே. வெள்ளி முதல்ல வர மாதிரி மாத்த முடியுமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்து, மேலே எழுதினேன்: 'வெள்ளித் தகடு போர்த்திய செப்புக் காசு.' அவர் படித்துப் பார்த்தார். வெள்ளி முன்னால் வந்துவிட்டது. திருத்தத்தின் ஓரத்தில் ஒரு சுருக்கொப்பமும் கீழே முழுக் கையெழுத்தும் போட்டார். வருத்தம் என்றோ, தவறாக நினைத்துவிட்டேன் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "களிம்பைச் சுரண்டிடாதீங்க" என்றார். பதினோரு வருடமாகக் களிம்பைச் சுரண்டாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கூடம் திறந்தது. பத்தடிப் பதாகையை ஒரே நாளில் மாற்றியிருந்தார்கள். காசின் மறுபக்கத்தைப் போட்டுவிட்டார்கள். குதிரைக்காரன் பத்தடி உயரத்தில் ஒருவனை மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அதற்குக் கீழே உட்கார்ந்து பீடிகை ஒரு மணி நேரம் மனித நேயத்தைப் பற்றிப் பேசினார். காசு தன் கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தைக் காட்டியபடி இருந்தது. பக்கத்து விளக்க அட்டையில் சோதனை வெட்டு என்று முழுசாக எழுதியிருந்தது. ஆட்சிக் குழுவுக்குப் போன தாளின்படிதான் எழுத முடியும். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பது பீடிகைக்கு விளக்க அட்டையைப் பார்த்த பிறகும் தெரியவில்லை. அட்டையை அவர் படிக்கவில்லை.

மாலையில் அண்ணிக்குக் கடிதம் வந்தது. மறுபடியும் பதினோரு மாதம். 'நடந்தவற்றைப் பொருட்படுத்தாமல், நிர்வாகம் பெருந்தன்மையுடன்' என்று தொடங்கியது. அண்ணி அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, 'எது நடந்தது?' என்று ஓரத்தில் எழுதி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

வழக்கமான ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு அண்ணி திரும்பி வந்த திங்கட்கிழமை, பண்டக சாலையிலிருந்து கீழ்த்தளத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே தண்ணீர் சுட வைக்கும் மின் கெண்டி ஒன்று, துணி துவைக்கும் சோடா இரண்டு கிலோ. கூடவே ஒரு குறிப்பு: 'சோ.வெ. இல்லை என நாற்பத்தொரு முறை குறிப்பிட்டதன் பேரில் வழங்கப்படுகிறது. இனிப் பழையதைப் பயன்படுத்த வேண்டாம்.' கீழே பீடிகையின் கையெழுத்து.

அண்ணி குறிப்பை இரண்டு தடவை படித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் சோடாவை அலமாரியின் அடியில் தள்ளினார். கெண்டியில் தண்ணீர் பிடித்துச் சொருகினார். பிறகு நாற்பத்திரண்டு அட்டைகளையும் இழுப்பறையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கி, முதல் அட்டையில் 'சோ.வெ.' என்பதை ஒரே கோட்டில் அடித்தார்.

"ஏன் அண்ணி, எல்லாத்தையும் மறுபடி எழுதப் போறீங்களா?"

"சுருக்கி எழுதறதெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் நம்பற இடத்துல தம்பி" என்றார். "ரெண்டு டம்ளர் கழுவிட்டு வா. டீயாவது போடுவோம்."

அடித்த கோட்டுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாக, 'சோதனை வெட்டு இல்லை' என்று எழுதினார். இன்னும் நாற்பத்தொன்று பாக்கி இருந்தது.